ஏற்றத்தாழ்வு தானாகக் குறையுமா? சேலத்தை வைத்து ஒரு விவாதம்

செவ்வாய்ப்பேட்டை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு வருமான ஏற்றத்தாழ்வை எடுத்திருக்கிறேன். பாடத்தில் முதலில் வருவது பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955ல் எழுதியது. ஒரு ஏழை நாடு வளரத் தொடங்கும்போது ஏற்றத்தாழ்வு கூடும், ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையும். வரைந்தால் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வரும்.

ஆனால் நாடு நாடாகப் பார்த்தால் அப்படி வரவில்லை. பிரேசிலில் 2001க்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் குறைந்துகொண்டே போனது. சீனாவில் 1980களின் தொடக்கத்திலிருந்து 2008 வரை ஏறிக்கொண்டே இருந்தது. தென் கொரியாவும் தைவானும் வளர்ந்த வேகத்துக்கு அங்கே ஏற்றத்தாழ்வு பெரிதாகக் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண் 0.63, இறங்கவே மாட்டேன் என்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்றால் ஏன் இத்தனை வித்தியாசம்?

நம் ஊரில் கொலுசுப் பட்டறை, விசைத்தறி, ஜவ்வரிசி மில், ஏற்காட்டுக் காபி என்று எல்லா வகைத் தொழிலும் இருக்கிறது. உங்கள் கண்ணெதிரில் யாருடைய வருமானம் கூடியது, யாருடையது நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதற்குக் காரணம் என்ன என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கன்னங்குறிச்சியார்:

கல்லூரியில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்பதால் முதலில் வருகிறேன். குஸ்நெட்ஸ் கையில் இருந்தவை பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் புள்ளிவிவரங்கள்தான். அதே கட்டுரையின் முடிவில், இதில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம் என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்த பாடநூல்கள் அந்த ஊகத்தை விதியாக்கிவிட்டன.

இருந்தாலும் அவர் சொன்ன பொறிமுறை உண்மையானது, அதை விட்டுவிடக் கூடாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தம் 100 பேர். கிராமத்தில் யாராக இருந்தாலும் மாதம் 10,000 ரூபாய், நகரத்தில் 20,000 ரூபாய். எல்லோரும் கிராமத்தில் இருந்தால் கினி எண் பூஜ்யம். (கொராடோ கினி என்ற இத்தாலியர் 1912ல் கொடுத்த அளவு. 0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவரிடம்.) 10 பேர் நகரத்துக்குப் போனால் 0.08. 41 பேர் போகும்போது உச்சம், 0.17. 90 பேர் போய்விட்டால் 0.05க்கும் கீழே. கடைசி ஆளும் போய்ச் சேர்ந்தால் மறுபடி பூஜ்யம்.

இந்தக் கணக்கில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அரசு எதுவும் செய்யவில்லை. ஆட்கள் இடம் மாறுவதாலேயே ஏறி இறங்குகிறது. வளரும் நாடுகளில் ஏற்றத்தாழ்வு கூடுவதில் ஒரு பகுதி இப்படிப்பட்டதுதான்.

ஆனால் கணக்கு ஒன்றை மறைக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம் என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் யார் போக முடிகிறது? கையில் நிலமோ படிப்போ உள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் போகிறார்கள். மற்றவர்கள் கடைசியில் போகிறார்கள், அல்லது போவதே இல்லை. கொரியாவும் தைவானும் வேறுபட்டது இந்த இடத்தில்தான். கொரியாவில் 1950லும் தைவானில் 1953லும் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உழுதவன் கைக்கு நிலம் போனது. பள்ளிக்கூடமும் கூடவே பரவியது. அதற்குப் பிறகுதான் அங்கே ஆலைகள் பெருகின. சொந்த நிலத்தில் சாப்பாடு இருக்கிற ஆளை அடிமாட்டுக் கூலிக்குக் கூப்பிட முடியாது அல்லவா?

ஆர்தர் லூயிஸ் 1954ல் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள் அம்மா. கிராமத்தில் வேலையில்லாத கைகள் மிச்சம் இருக்கும்வரை நகரத்தில் கூலி ஏறாது, வளர்ச்சியின் பலன் முழுக்க லாபமாகப் போகும். மிச்சக் கைகள் தீர்ந்த பிறகுதான் கூலி ஏறத் தொடங்கும். ஏற்றத்தாழ்வு எப்போது திரும்பும் என்பதற்கு இது முக்கியமான துப்பு.

இளம்பிள்ளைத் தறி:

சார் கணக்கில் நகரத்தில் எல்லோருக்கும் ஒரே சம்பளம். எங்கள் ஊரில் ஒரே தெருவுக்குள் நாலு வித வருமானம் இருக்கிறது, நாலு பேரும் சேலைதான் நெய்கிறோம்.

கைத்தறிக்காரர் ஒருவர். அவருடைய பிள்ளைகள் தறிக்குழியில் இறங்கவில்லை, அவரோடு அந்த வேலை முடிகிறது. அடுத்தவர் இன்னொருவர் செட்டில் (தறிக்கூடத்தில்) விசைத்தறி ஓட்டுகிறவர், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. மூன்றாவது ஆள் என்னைப் போல. சொந்தமாகச் சில தறிகள் இருக்கும், பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடு நூலும் வாங்கி வந்து கூலிக்கு நெய்து கொடுப்போம். நாலாவது ஆள் நூல் வாங்குகிறார், டிசைன் போடுகிறார், விற்கிறார். ஆட்டோ லூம் என்கிற தானியங்கித் தறி போட்டதும் பெரும்பாலும் அவர்தான்.

கடந்த இருபது வருடத்தில் எங்கள் ஊர் வளர்ந்திருக்கிறது, மறுக்க முடியாது. செல்போன் வந்த பிறகு இளம்பிள்ளைச் சேலைக்கு நாடு முழுக்க வாங்குகிற பார்ட்டி கிடைத்தது. முன்பு ஈரோட்டு வியாபாரி சொன்னதுதான் விலை, இப்போது வீட்டில் இருந்தே படம் போட்டு விற்கிறார்கள். அந்த வருமானம் யாருக்குப் போனது? டிசைன் தெரிந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர், பத்து நாள் பணம் வராவிட்டாலும் தாங்குகிறவர். தறி ஓட்டுகிற ஆளுக்குச் சேலை டெல்லியில் விற்றாலும் ஒன்றுதான், தாரமங்கலத்தில் விற்றாலும் ஒன்றுதான். நூல் விலை ஏறினால் மட்டும் எங்களிடம் வந்துவிடுவார்கள், பாவு இல்லை, நாலு நாள் தறியை நிறுத்து என்று.

அப்புறம் கடன். ஆட்டோ லூம் போட லட்சக்கணக்கில் வேண்டும். பேங்கில் முதல் கேள்வி பட்டா இருக்கிறதா என்பது. எங்கள் செட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர், ஒரே வயது, ஒரே கைத்திறன். ஒருவருக்கு அப்பா விட்டுப் போன வீட்டு மனை இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. இன்று முதல் ஆளிடம் இரண்டாவது ஆள் வேலை செய்கிறார். அவரும் வாங்கிய அட்வான்ஸைக் கழிக்கும்வரை வேறு செட்டுக்குப் போக முடியாது. பக்கத்துச் செட்டில் கூலி கூடக் கொடுத்தாலும் போக முடியாது என்றால் கூலி எப்படி ஏறும்?

அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. எனக்குப் பெரிய உதவி, இல்லாவிட்டால் எப்போதோ தறியை எடைக்குப் போட்டிருப்பேன். ஆனால் அது தறி வைத்திருப்பவனுக்கு வருகிற உதவி. ஓட்டுகிறவன் கைக்கு நேராக வருவதில்லை.

ஆத்தூர் கிழங்கு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏற்றத்தாழ்வை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பார்க்கிறோம்? வறுமை குறைகிறதா என்பதுதானே கேள்வி. உலக வங்கிக் கணக்குப்படி சீனாவில் நாற்பது ஆண்டுகளில் 80 கோடிப் பேர் அளவுக்குக் கடும் வறுமையிலிருந்து மேலே வந்தார்கள். அதே காலத்தில்தான் அங்கே ஏற்றத்தாழ்வும் ஏறியது. அந்த 80 கோடிப் பேரிடம் போய், பக்கத்து ஊர்க்காரன் உங்களைவிட வேகமாக மேலே போய்விட்டான், அதனால் இந்த வளர்ச்சி தவறு என்று சொல்ல முடியுமா?

எங்கள் பக்கம் மரவள்ளி போடாத காடு கிடையாது. அந்தக் கிழங்கில் ஜவ்வரிசி எடுக்க மில் வைத்தவர் சம்பாதித்தார், உண்மை. அவர் மில் வைத்ததால்தான் மானாவாரிக் காட்டில் கம்பு போட்டவன் கையில் பணம் பார்த்தான். முன்பு மில்காரரே வியாபாரியிடம் மாட்டிக்கொண்டிருந்தார், கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 1981ல் மில்காரர்களுக்கான சேகோசர்வ் கூட்டுறவு வந்து டெண்டர் முறையில் விற்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. முதலில் பணம் ஊருக்குள் வரட்டும், பங்கு போடுவதை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கருத்து.

இளம்பிள்ளைத் தறி:

ஆத்தூர் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. கூட்டுறவு வந்ததும் மில்காரருக்கு விலை பேசும் பலம் வந்தது. கிழங்கு விளைவித்தவருக்கு?

ஆத்தூர் கிழங்கு:

மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறார்கள். பாயிண்ட் அளப்பது மில்லில். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை சொல்வதும் மில்லும் இடைத்தரகரும். அறுவடை ஒரே நேரத்தில் குவியும்போது விலை இறங்குகிறது, கிழங்கைத் தோண்டிய பிறகு இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த இடத்தில் விவசாயிக்குப் பலம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். முத்தரப்புக் கூட்டம் போட்டு விலை நிர்ணயம் செய்யச் சொல்லி ஒவ்வொரு சீசனும் கேட்கிறோம்.

கணக்குப்பிள்ளை:

பேச்சு போகிற திசையில் ஒரு எச்சரிக்கை. எதை வைத்து அளக்கிறோம் என்று தெரியாமல் ஏறியது இறங்கியது என்று பேசவே கூடாது. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து உலக வங்கி காட்டும் கினி 0.255. உலகத்திலேயே சமத்துவம் மிகுந்த நாடுகளில் ஒன்று என்று 2025ல் செய்தியெல்லாம் வந்தது. அதே 2022-23க்கு வருமான வரித் தரவையும் சேர்த்துக் கணக்கிட்ட தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட நால்வர், நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் உச்சியில் உள்ள 1 சதவீதத்தினருக்குப் போகிறது என்றார்கள். 1980களின் தொடக்கத்தில் அது 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

இரண்டும் எப்படி ஒரே நாடாக இருக்க முடியும்? முதலாவது செலவை அளக்கிறது. மாதம் 15,000 சம்பாதிப்பவர் 15,000மும் செலவழிக்கிறார், சில மாதம் கடன் வாங்கி 17,000 செலவழிக்கிறார். மாதம் 15 லட்சம் சம்பாதிப்பவர் 15 லட்சத்தையும் சாப்பிட்டுத் தீர்ப்பதில்லை. மனை வாங்குகிறார், பங்கு வாங்குகிறார். செலவில் பார்த்தால் இடைவெளி சுருங்கித்தான் தெரியும். அதோடு, பெரிய வீட்டு வாசலில் கணக்கெடுப்பாளர் நின்றால் கதவு திறப்பதும் அரிது. கினியே குடும்பக் கணக்கெடுப்பை நம்பியிருக்கும்போது உச்சியில் நடப்பது அதில் விழுவதில்லை.

பிரேசிலிலும் இதே கதை உண்டு. வீட்டுக் கணக்கெடுப்பில் கினி 0.59லிருந்து 0.53 வரை இறங்கியது உண்மை. வரித் தரவைப் பார்த்தவர்கள் உச்சியில் இருப்பவர்களின் பங்கு பெரிதாக அசையவில்லை என்று காட்டினார்கள். அடித்தட்டு நடுத்தட்டை நெருங்கியது, உச்சி அப்படியே இருந்தது. தங்கை தன் கட்டுரையில் எந்த இடைவெளியைப் பற்றிப் பேசுகிறார் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகி:

கணக்குப்பிள்ளை அண்ணா, இது ரொம்ப உதவி. மனை, பங்கு என்று நீங்கள் சொன்னதும் எங்கள் பேட்டையில் நடப்பது புரிகிறது.

கொலுசுத் தொழிலில் வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். பட்டறையில் உருக்கி, கம்பி இழுத்து, பத்தவைத்து (சூட்டில் ஒட்டி), மெருகு போட்டு, அதே எடைக்குக் கொலுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேதாரம் போகக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. இருப்பு வைத்திருந்தவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே சொத்து பெருகியது. பட்டறைக் கூலி கிலோ கணக்கு என்பதால் வெள்ளி விலையோடு அது ஏறுவதில்லை. அதைவிட மோசம், விலை ஏறியதும் ஜனங்கள் எடை குறைந்த கொலுசாகக் கேட்கிறார்கள், அல்லது வாங்குவதையே தள்ளிப்போடுகிறார்கள். ஆக, செய்ய வேண்டிய கிலோவே குறைந்துவிடுகிறது. ஒரே விலையேற்றம் ஒரு வீட்டுக்குச் செல்வமாகவும் அடுத்த வீட்டுக்கு வேலையில்லாத நாளாகவும் வருகிறது.

பத்தவைப்பு, சலங்கை கோப்பது இதையெல்லாம் வீட்டில் இருந்தபடி பெண்கள் செய்கிறார்கள். அவர்கள் கூலி எந்தக் கணக்கிலும் தனியாக வருவதில்லை. குடும்ப வருமானம் என்று ஒரே எண்ணாக எழுதிவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே யாருக்கு எவ்வளவு என்பது அளக்கப்படாமலே போகிறது.

நாகலூர் காபி:

மலையிலிருந்து எழுதுகிறேன். இந்த வாதத்தில் நிலம்தான் வேர் என்பேன்.

ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அதற்கு முன்னால் சேர்வராயன் மலை முழுக்க மலையாளிப் பழங்குடி மக்கள் ராகியும் சாமையும் போட்டுப் பிழைத்த இடம். பிறகு எஸ்டேட்டுகள் வந்தன, மலை எல்லை போட்டுப் பிரிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர்). 1970ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். ஆனால் ஏற்கனவே இருந்த காபி, தேயிலைத் தோட்டங்களுக்கு அதில் விலக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டால் உற்பத்தி கெடும் என்று ஒரு வாதம் இருந்தது, அதில் நியாயமும் இருக்கலாம். விளைவு என்னவென்றால், சமவெளியில் கொஞ்சமாவது நடந்த நிலப் பங்கீடு மலைக்கு ஏறவில்லை. பேராசிரியர் ஐயா சொன்ன கொரியாவுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்போது விலைக்கு வருவோம். 1989ல் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை (எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்ற வரம்பு) உடைந்ததும் உலக விலை சரிந்தது. நம் நாட்டில் காபி வாரியமே எல்லாக் காபியையும் வாங்கிப் பொதுவில் விற்கும் ஏற்பாடு இருந்தது, அதுவும் 1990களில் படிப்படியாகப் போய்விட்டது. 2001ஐ ஒட்டி விலை அதலபாதாளத்தில் விழுந்தபோது தோட்டங்களில் முதலில் வெட்டப்பட்டது வேலை நாள்தான். உரம் போடுவதை நிறுத்தினார்கள், களை எடுப்பதை நிறுத்தினார்கள். அந்த வேலையெல்லாம் பெண்கள் செய்தது. 2025 தொடக்கத்தில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. ஏறும்போது அந்தப் பணம் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குப் போகிறது. பழம் பறிக்கிற கூலியும் கொஞ்சம் ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விலை ஏறின அளவுக்கு அது ஏறவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கும் இதே கணக்குதான்.

நல்ல பக்கமும் உண்டு. எங்கள் கிராமங்களில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் காபியும் மிளகும் வைத்திருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இந்தியாவில் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்களே. இந்த விலையேற்றத்தில் அந்தக் குடும்பங்கள் கடனை அடைத்தன, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தன. அதே ஊரில் நிலமே இல்லாத வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. ஆக, காபி விலை ஏறினால் ஏற்றத்தாழ்வு கூடுமா குறையுமா என்று கேட்டால் என் பதில், நிலம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள் என்பதுதான். லத்தீன் அமெரிக்க நாடுகளில் தாமிரமோ சோயாவோ விலை ஏறும்போது நடப்பதும் வேறல்ல என்று நினைக்கிறேன்.

ஆத்தூர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. முதலில் பணம் வரட்டும், பங்கு அப்புறம் என்றீர்கள். ஏற்காட்டில் நாடறிந்த உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, மான்ஃபோர்ட் 1917லிருந்து இருக்கிறது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளை பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிறது. அங்கே ஒரு கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு அது திரும்ப வராது. பங்கு போடுவதைத் தள்ளிவைத்தால் தள்ளிப்போவது பணம் மட்டும் இல்லை அண்ணா, ஒரு தலைமுறையின் படிப்பும்தான்.

ஆத்தூர் கிழங்கு:

நீங்கள் சொன்னது மனதில் படுகிறது. படிப்பைத் தள்ளிப்போடக் கூடாது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் மில்லுக்கும் காட்டு வேலைக்கும் ஆள் கிடைக்காமல் நாங்கள் படும் பாட்டையும் யாராவது எழுத வேண்டும். நூறு நாள் வேலை வந்ததிலிருந்து கூலி ஏறிக்கொண்டே போகிறது.

கன்னங்குறிச்சியார்:

ஆத்தூர் தம்பி, அதைத்தான் இந்தப் பெண் தேடிக்கொண்டிருக்கிறாள்! ஏற்றத்தாழ்வு குறைவது வேலை கொடுப்பவரின் வாசலில் இப்படித்தான் தெரியும். ஆள் கிடைக்கவில்லை, கூலி கூடிவிட்டது என்ற புகாராக வரும். நூறு நாள் வேலை தீவிரமாக நடந்த மாவட்டங்களில் தனியார் விவசாயக் கூலியும் கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூலிக்காரருக்கு வேறு ஒரு வழி இருந்தாலே பேரம் மாறிவிடுகிறது. உங்கள் சிரமம் உண்மையானது, அதைக் குறைத்துப் பேசவில்லை. கிழங்கின் விலையில் உங்களுக்கு நியாயமான பங்கு வந்தால்தான் நீங்கள் அந்தக் கூலியைக் கொடுக்க முடியும்.

பிரேசிலில் நடந்ததும் கூலியிலிருந்து தொடங்கியதுதான். 2003ல் வந்த போல்சா ஃபமிலியா என்ற உதவித்தொகைத் திட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன் பங்கு உண்டு. அதற்குச் செலவானது நாட்டு வருமானத்தில் சிறு துளி. அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது குறைந்தபட்சக் கூலி விலைவாசியைவிட வேகமாக உயர்த்தப்பட்டதும், அதோடு முதியோர் ஓய்வூதியம் சேர்ந்து ஏறியதும். இன்னொன்று, 1990களில் பள்ளிக் கல்வி பரவியதால் படித்தவர் எண்ணிக்கை கூடியது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இருந்த கூலி இடைவெளி சுருங்கியது.

யான் டின்பெர்கன் இதைக் கல்விக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் என்று பார்த்தார். தொழில்நுட்பம் முந்தினால் படித்தவர் தட்டுப்பாடாகி அவர் சம்பளம் எகிறும். கல்வி முந்தினால் இடைவெளி சுருங்கும். வணிகம் திறந்தால் ஏழை நாட்டில் சாதாரணத் தொழிலாளிக்குத்தான் லாபம் என்று 1941ல் ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் கோட்பாடு போட்டார்கள். 1980களின் நடுவில் மெக்சிகோ வணிகத்தைத் திறந்தபோது நேர்மாறாக, படித்தவர் கூலி முந்திக்கொண்டது. புது இயந்திரம் கூடவே வந்தது ஒரு காரணம், சீனா போன்ற இன்னும் மலிவான உழைப்பு சந்தைக்கு வந்தது இன்னொரு காரணம். நம் ஊரில் ஆட்டோ லூம் வந்தபோது இளம்பிள்ளை நண்பர் பார்த்ததும் இதுதான்.

இப்போது தமிழ்நாட்டைப் பாருங்கள். 2021-22ல் உயர்கல்வியில் சேர்பவர் விகிதம் இங்கே 47 சதவீதம், நாட்டுக்கு 28.4. காமராஜர் 1956ல் மதிய உணவு போட்டதிலிருந்து தொடங்கிய நீண்ட வேலை இது. சேலத்தைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! 2000ஐ ஒட்டிப் பொறியாளர் என்றால் வீட்டுக்கே ஒரு மதிப்பு. இன்று முதல் சம்பளம் தறி ஓட்டுபவரின் சம்பளத்தைத் தாண்டாத பொறியாளர் தெருவுக்கு நாலு பேர். அந்தப் பிள்ளைகளுக்கு இது கொடுமையான ஏமாற்றம், எனக்கும் மனது வலிக்கிறது, என்னிடம் படித்தவர்களும் அதில் உண்டு. கணக்கில் மட்டும் இடைவெளி சுருங்கியதாகத் தெரியும்.

சூரமங்கலம்:

ரயிலடிப் பக்கம் இருப்பவன். கன்னங்குறிச்சி ஐயா முதலில் லூயிஸ் பற்றிச் சொன்னாரே, மிச்சக் கைகள் தீர்ந்தால் கூலி ஏறும் என்று. சேலம் மாவட்டத்தில் அது தீர்ந்து எத்தனையோ ஆண்டாகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் தறிக்கும் வருவதில்லை, கட்டட வேலைக்கும் வருவதில்லை. அந்த நேரத்தில்தான் ஜங்ஷனில் பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். இன்று தறி, ஓட்டல், கட்டடம், ஏற்காட்டுத் தோட்டம் வரை அவர்கள்தான்.

நான் அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. அவர்கள் இங்கே படும் கஷ்டம் எனக்குத் தெரியும், ஒரே அறையில் பத்துப் பேர் தங்குகிறார்கள். நான் கேட்பது இதுதான். மிச்சக் கைகளை மாவட்டத்துக்குள் எண்ணுவதா, இந்தியா முழுக்க எண்ணுவதா? சேலத்தில் திரும்ப வேண்டிய வளைவு திரும்பாமல் நிற்பதற்கு இதுவும் காரணம் இல்லையா?

கன்னங்குறிச்சியார்:

இந்த இழையில் வந்த மிக முக்கியமான கேள்வி இது. சேலத்துக்குள் அளந்தால் அவர்கள் வருகையால் கீழ்நிலைக் கூலி அழுத்தப்படுகிறது, இடைவெளி கூடியதாகத் தெரியும். அவர்கள் ஊரையும் சேர்த்து அளந்தால் கதை வேறு. மாதாமாதம் இங்கிருந்து போகும் பணம் அங்கே ஒரு வீட்டை நிமிர்த்துகிறது. அங்கே ஆள் குறைவதால் அங்குள்ள கூலியும் கொஞ்சம் ஏறும். மாநிலங்களுக்கு இடையே உள்ள பள்ளம் நிரம்புகிறது. ஒரே ரயில் பயணம் சேலத்தில் ஏற்றத்தாழ்வைக் கூட்டும், நாட்டில் குறைக்கும்.

சீனாவில் இதை ஹுகோ என்ற குடிப்பதிவு முறை தடுத்தது. கிராமத்தான் நகரத்தில் வேலை செய்யலாம், நகரத்துப் பள்ளி, மருத்துவமனை உரிமை பெரும்பாலும் கிடைக்கவில்லை. அங்கே 1980களில் 0.3 அளவில் இருந்த கினி 2008ல் 0.49 வரை ஏறியதில் கிராமம் நகரம் இடைவெளிக்குப் பெரும் பங்கு. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் ரேஷன் கார்டும் பிள்ளையின் பள்ளி மொழியும் ஓரளவு அதே வேலையைச் செய்கின்றன. ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் அரிசி வாங்கலாம் என்று இருக்கிறது, எத்தனை பேர் உண்மையில் வாங்குகிறார்கள் என்று களத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

ஒன்று விட்டுப் போகிறது, அதை மட்டும் சேர்த்துவிடுகிறேன். பதிவு பெற்ற ஆலைகளிலும் நிரந்தர வேலை சுருங்குகிறது. ஆண்டுத் தொழில்துறைக் கணக்கெடுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு இப்போது 40 சதவீதத்தை ஒட்டி. 1990களின் இறுதியில் 16 சதவீத அளவில் இருந்தது. எங்கள் அப்பா தலைமுறையில் பொதுத்துறை ஆலையில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் அந்தக் குடும்பமே ஒரு படி ஏறியது. அந்தப் படி இப்போது இருபது வயதுப் பையனுக்கு இல்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று அதே வேலை செய்தும் ஒருவருக்கு வைப்பு நிதி உண்டு, ஒருவருக்கு இல்லை. இது எனக்கு ரொம்பவும் கோபம் வருகிற விஷயம்.

செவ்வாய்ப்பேட்டை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையின் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். "சேலத்தில் ஏற்றத்தாழ்வு எப்போது குறையும்" என்று எழுதியிருந்தேன். இப்போது, ஒரு தொழிலில் விலையோ விற்பனையோ கூடும்போது அந்தக் கூடுதல் பணம் யார் யாரிடம் எவ்வளவு தங்குகிறது என்று நாலு தொழிலில் பார்க்கப் போகிறேன். கொலுசு, தறி, கிழங்கு, காபி. ஒவ்வொன்றிலும் சொத்து யாரிடம், கூலி எப்படிப் பேசப்படுகிறது, வேறு வேலைக்குப் போகும் வழி இருக்கிறதா, இந்த மூன்றையும் கேட்பேன்.

இளம்பிள்ளை அண்ணா, தறி ஓட்டுகிறவர்களிடம் வருமானம் கேட்கும்போது எதையெல்லாம் தவறாமல் கேட்க வேண்டும்?

நாகலூர் காபி:

மலைக்கு வந்தால் பழம் பறிக்கும் நேரத்தில் வாருங்கள், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். மற்ற மாதத்தில் கேட்டால் வேலை நாள் வேறு மாதிரி வரும். இரண்டு காலத்திலும் கேட்டால் இன்னும் நல்லது. ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள், பறிப்பது பெரும்பாலும் பெண்கள்.

இளம்பிள்ளைத் தறி:

தங்கச்சி, முதலில் வார வருமானமாகக் கேளுங்கள், மாதமாகக் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். பாவு இல்லாமல் தறி நின்ற நாள் எத்தனை என்று கேளுங்கள். புருஷன் தறியில் நின்றால் மனைவி தார் (ஊடு நூல் குழல்) சுற்றிக் கொடுப்பார், அந்த வேலைக்குத் தனிக்கூலி உண்டா என்று கேளுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பணத்தைச் சிலர் வருமானத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், அதைக் கடன் பக்கத்தில் எழுதுங்கள். வாரா வாரம் அதில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை செட்டு ஓடாது, அன்று வந்தால் நிதானமாகப் பேசுவார்கள்.